பட்டு இடிக்கும் பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஓவியங்களில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பைத்தியம். முகத்தைப் பார்க்க மாட்டேன், கையையும் இடுப்பையும்தான் பார்ப்பேன். வேலையை நின்று கவனித்த ஓவியன் யார், சும்மா அழகுக்கு வரைந்தவன் யார் என்பது அங்கேதான் தெரியும்.

இன்று மூன்று ஓவியங்கள். முதலாவது சீனத்துப் பட்டுச்சுருள், இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் ஜாங் சுவான் என்ற ஓவியர் வரைந்ததைப் பார்த்து, 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வரைந்த நகல். நகலை வரைந்தவர் சீனப் பேரரசர் ஹுயிசோங் என்பது வழக்கு. ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், சிறுமிகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பின்னணியில் சுவர் இல்லை, கூரை இல்லை, வேலை மட்டும்தான்.

வலப்பக்கம் நான்கு பெண்கள், ஆளுயர உலக்கைகளோடு. புதுப்பட்டை மென்மையாக்க இடிக்கிறார்கள். அதில் ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்கிறாள். அடுத்து நூலும் ஊசியுமாக இருவர். அப்புறம் இஸ்திரி. தெருமுனை வண்டிக்காரர் பெட்டியில் போடுவது போலத்தான் இங்கேயும் கங்கு; பெட்டிக்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்த சட்டி. பட்டுத் துணியை ஆளுக்கொரு முனையில் இருவர் பிடித்து இழுக்கிறார்கள். ஒருத்தி உடம்பையே பின்னால் சாய்த்துவிட்டாள். புடவையை உதறி மடிக்க எதிர்முனையைப் பிடித்தவர்களுக்கு அந்தச் சாய்வு தெரியும்! கீழே கங்குக்கு விசிறும் சிறுமி, அனல் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்னொரு குட்டிப்பெண் பட்டுக்கு அடியில் புகுந்து விளையாடுகிறாள். வேலை நடக்கிற இடத்தில் குழந்தை வேறு எங்கே இருக்கும்?

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இவர்கள் அரண்மனைப் பெண்கள். உடுத்தியிருப்பதே பூவேலைப் பட்டு. ஜாங் சுவான் வாழ்ந்த தாங் அரச வம்சத்தின் ஆட்சியில் குடியானவர் வீடுகள் தானியத்தோடு துணியையும் வரியாகக் கட்டின. அந்தத் துணி பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் நெய்தது. அரசின் கஜானாவை நிரப்பிய அந்தக் கைகள் இந்தச் சுருளில் இல்லை. ஆனாலும் அந்தச் சாய்வை வரைந்தவன் எங்கோ நின்று பார்த்திருக்கிறான். கையையும் இடுப்பையும் பாருங்கள் என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடடா, நேரம் போய்விட்டது. இரண்டாவது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ஓவியம், 1618இல் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்தது. முட்டை பொரிக்கும் கிழவி. வெள்ளைக்கரு பாதி வெந்து வெளுத்திருக்கும். வெலாஸ்கெஸுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. மூன்றாவது, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் டெகா 1880களில் வரைந்த இஸ்திரிப் பெண்கள். ஒருத்தி இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். பக்கத்தில் நிற்பவள் வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள். கூலிக்குச் செய்கிற வேலை அது. அதற்கே தனியாக ஓர் உரை வேண்டும். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.