சுறாமூக்கு வண்டி இன்று எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

புகழ்பெற்ற பழைய பந்தயக் கார்களின் உயர்தர மாதிரிகளைச் சேர்ப்பது வரலாற்றைக் காக்கும் செயலே என்று வாதாட வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "ஒரு சாண் பொம்மைக்கு 40,000 ரூபாயா? ஓடாத காருக்கு எதற்கு இத்தனை பணம்?" என்று கேட்டு, உங்கள் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். அதற்கு விடை சொல்லாமல் நான் மேலே செல்ல இயலாது.

ஓடாத கார் என்றார். ஓடிய காரின் கதையைக் கேளுங்கள். 1961ஆம் ஆண்டு, இத்தாலிய நிறுவனமான ஃபெராரியின் 156 என்ற பந்தயக் கார். பொறியாளர் கார்லோ கிட்டி வடிவமைத்த, ஒன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் வண்டி. முகப்பில் இரண்டு நாசித் துளைகள் இருந்ததால் சுறாமூக்கு என்றே உலகம் அதை அழைத்தது. அந்தச் செப்டம்பர் 10 அன்று இத்தாலியின் மோன்சா களத்தில், ஃபார்முலா ஒன் பந்தய ஓட்டுநர்களுக்கான உலகப் பட்டத்துக்காக ஃபெராரி அணியின் இருவர், ஃபில் ஹில்லும் வோல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும், மோதினார்கள். இரண்டாம் சுற்றில் டிரிப்ஸின் வண்டி இன்னொரு வண்டியோடு உரசிக் கரையேறிப் புரண்டது. அவரும் பார்வையாளர் பலரும் மாண்டனர். பந்தயத்தையும் பட்டத்தையும் வென்ற ஹில், தோழரின் சவப்பெட்டியைச் சுமந்தார்.

நண்பரே, அந்தச் சுறாமூக்கு இன்று எங்கே? அருங்காட்சியகத்தில் இருக்குமா? இல்லை. செல்வந்தர் எவரேனும் வீட்டில் பூட்டி வைத்திருப்பாரா? அங்கும் இல்லை. தயாரித்த நிறுவனமே, பந்தயக் காலம் முடிந்ததும், அத்தனை வண்டிகளையும் உடைத்துப் போட்டுவிட்டது. உலகப் பட்டம் வென்ற வண்டியில் ஒன்றுகூட எஞ்சவில்லை! இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். பெரும்பாலானவை சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிதைந்தன. ஓடிய கார் போய்விட்டது, ஐயா. ஓடாத கார்தான் மிஞ்சியிருக்கிறது. பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, எஞ்சின் மூடியைத் திறந்தால் குழாயும் கம்பியும் அதனதன் இடத்தில் இருக்கும்படி, சக்கரத்தின் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியையும் கையால் கோத்து யாரோ ஒருவர் செய்துவைத்த அந்த ஒரு சாண் வண்டியை இனியும் பொம்மை என்பீர்களா?

நடுவர் அவர்களே, இன்னும் ஒன்று. என் தந்தையார் கோவையில் லேத் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்று உழைத்தவர். கடைசி ஆண்டில் அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஒருநாள் என்னிடமிருந்த அந்தச் சுறாமூக்கு மாதிரியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகப்பின் இரு துளைகளைத் தடவினார். பிறகு சக்கரத்துக்கு வந்து, கட்டைவிரல் நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார். "இழுவை எல்லாக் கம்பியிலும் ஒண்ணா இருக்குதப்பா. கோத்தது யாரு?" என்று கேட்டார். அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தலையை அசைத்துக்கொண்டே அடுத்த சக்கரத்துக்குப் போனார். வண்டியை என் கையில் திருப்பித் தர அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

நன்றி, வணக்கம்.