ஊர் இரண்டுபட்டால்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேறு இரண்டு விழாக்களை விட்டுவிட்டு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, மைக்செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பனிப்போரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயங்கள் வைத்திருக்கிறேன்: ஆயுதப் போட்டி, கியூபா நெருக்கடி, அணிசேரா நாடுகள். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்துக் கலைஞர்கள் இருந்தால் கோபிக்க வேண்டாம், நான் சொல்லும் கூத்தாடி ஆயுத வியாபாரி.

1945இல் ஹிட்லரைச் சேர்ந்து தோற்கடித்தவர்கள்தான் அமெரிக்காவும் சோவியத்தும். 1949இல் ரஷ்யர்களும் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். அப்புறம் என்ன, அவனிடம் பத்து என்றால் எனக்கு இருபது. 1980களின் நடுவில் உலகத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் அணு ஆயுதங்கள். நேருக்கு நேர் மட்டும் மோதவில்லை. கொரியாக்காரனும் வியட்நாம்காரனும் அங்கோலாக்காரனும் செத்தார்கள். அதற்குப் பெயர் பனிப்போராம்!

சரி, கியூபாவுக்கு வருவோம். அமெரிக்காவின் வாசலில் இருக்கும் அந்தத் தீவில் சோவியத் அணு ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைத்தது, அமெரிக்கக் கப்பல்கள் கடலில் மறித்து நின்றன. 1962 அக்டோபர் 27. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. வடதுருவக் கடல் குளிருக்குக் கட்டிய டீசல் கப்பலை வெதுவெதுப்பான அட்லாண்டிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே நாற்பது டிகிரிக்கு மேல் வெக்கை. குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, மூச்சுவிடக் காற்றில்லாமல் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்து, வெளியே வா என்று பயிற்சிக் குண்டுகளைப் போடுகின்றன. பயிற்சிக் குண்டு என்று உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார வைத்துச் சம்மட்டியால் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி!

இன்னொன்று, அந்தக் கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம், ஒன்று இருந்தது. அது மேலே நின்ற அமெரிக்கர்களுக்குத் தெரியாது. கேப்டன் சவிட்ஸ்கி பொறுமை இழந்து, யுத்தம் தொடங்கியே விட்டது, டார்பிடோவைத் தயார் செய் என்று கத்தினாராம். அதே கப்பலில் பயணம் செய்த வசீலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி கேப்டனை அமைதிப்படுத்தினார் என்று கூட இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். முந்தின வருஷம்தான் கே-19 கப்பலில் அணு உலை பழுதாகி, கதிர்வீச்சில் மாலுமிகள் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். கப்பல் மேலே வந்தது. நீங்களும் நானும் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ஊர் திரும்பினால் மாலையா போட்டார்கள்? ஏன் மேலே வந்தீர்கள் என்று திட்டு! சம்பவம் 2002இல்தான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அதற்குள் அந்த மனிதர் இறந்தே போயிருந்தார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நான் மட்டும் சொல்லவில்லை. ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டணியிடம் ஜாக்கிரதை என்று 1961இல் பதவியை விட்டு இறங்கும்போது எச்சரித்தவர் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர். அவரே ஒரு தளபதி, கவனியுங்கள்.

அணிசேரா நாடுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பாண்டுங் மாநாடு, நேரு, டிட்டோ, நாசர்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு நாள் ஆகட்டும். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். அணு ஆயுதத்தை அடியோடு தடை செய்யும் ஒப்பந்தம் 2017இல் ஐ.நா.வில் நிறைவேறி, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. 1988இல் ஐ.நா. மேடையில் ஆயுத ஒழிப்புக்குத் திட்டம் கொடுத்த நம் நாடும் சேரவில்லை. பாகிஸ்தான் வைத்திருக்கிறதே, சீனா வைத்திருக்கிறதே என்பீர்கள். அவர்களும் நம்மைக் காட்டித்தான் அதையே சொல்கிறார்கள். கூத்தாடி இரண்டு பக்கமும் டிக்கெட் விற்கிறான்.

இந்தியா கையெழுத்திட வேண்டும் என்று பிரதமருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாசலருகே மேஜையில் இருக்கிறது. டீ கொடுப்பதும் அதே மேஜையில்தான். முகவரியை முழுதாக எழுதுங்கள், பின்கோடு உட்பட. தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.