களரிக்கு வந்த லத்தீபா

(திருகோணமலையில், நாடகமும் அரங்கியலும் படிக்கும் உயர்தர மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த மாலை அமர்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோருக்கு வணக்கம்.

மூன்று கிழமைகளுக்கு முன்னர், ஒத்திகை முடிந்து எல்லோரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மாணவி என்னிடம் வந்தாள். தமிழ்ப் பாடக் கொப்பியின் பின்பக்கங்களில் சொல்லிசை எழுதி வைத்திருக்கும் பிள்ளை. ராப் என்று உலகம் சொல்வதற்கு நம் இளைஞர்கள் வைத்த பெயர்தான் சொல்லிசை. எனக்கு மிகவும் பிடித்த பெயர். "ரீச்சர், ராப் பாடுகிறவள் நல்ல நடிகையாக வர முடியுமா? இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்கள்" என்று கேட்டாள். யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அப்படிச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் அவளுக்கு ராப் பாடகியும் நடிகையுமான ஒருவருடைய பெயரைச் சொன்னேன்: குயீன் லத்தீபா. "கிண்ணியாப் பெயர்போல இருக்கிறதே!" என்று சிரித்தாள். உண்மைதான். முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு தெருவில் நின்று லத்தீபா என்று கூப்பிட்டால் நான்கு வாசல்களில் தலை தெரியும். மென்மை, நுண்மை, கனிவு என்றெல்லாம் அரபியில் பொருள் விரியும் சொல் அது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூவார்க் நகரில், 1970ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி பிறந்த டானா ஓவன்ஸ் என்ற சிறுமி, எட்டு வயதில் அரபுப் பெயர்கள் அடங்கிய புத்தகமொன்றைப் புரட்டி, அந்தப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டாள். 'குயீன்' பிற்பாடு, மேடைக்கு வந்தபோது சேர்ந்தது. கனிவு என்ற பெயருக்கு முன்னால் அரசி என்ற பட்டம். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் அவருடைய கலை முழுவதும் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவருடைய கதைக்குப் போகுமுன், கூத்து ஆடும் நம் களரிக்கு ஒருமுறை போய் வருவோம். கிழக்கிலங்கைக் கூத்தில் ஒரு பாத்திரம் எப்படி அறிமுகமாகிறது? மத்தளம் முழங்குகிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்கிறார். கூத்தர் ஆடிக்கொண்டே உள்ளே வருகிறார். வந்ததும் தான் யார், எந்த நாட்டு மன்னன், தன் வீரம் எத்தகையது என்று தானே பாடுகிறார். இதை வரவு என்கிறோம். தன் பெயரைச் சொல்லி, தன் பெருமையைத் தாளத்தில் வைத்துப் பாடி, எதிரே நிற்பவனுக்குச் சவால் விடுகிற அந்த வரவுக்கும், ஒலிவாங்கியைப் பிடித்தவுடன் தன் பெயரையும் தன் தெருவின் பெயரையும் சொல்லித் தொடங்கும் ராப் பாடகருக்கும் எவ்வளவு தூரம்? கூத்தரிடம் போய், நீர் பாடகரா, நடிகரா என்று கேட்டால் அவருக்கு அந்தக் கேள்வியே விளங்காது. பாடாமல் எப்படி நடிப்பது என்று திருப்பிக் கேட்பார். பாட்டையும் நடிப்பையும் தனித்தனி அறைகளில் பூட்டியது பின்னால் வந்த வழக்கம். தமிழ்ப் பேசும்படம் பிறந்த காலத்தில்கூட, தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் குரலோடுதான் திரைக்குள் நுழைந்தார்கள்.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் களரியில் பெண்ணின் வரவைப் பாடியவர்களும் பெரும்பாலும் ஆண்களே. சேலை கட்டி, கூந்தல் வைத்து, பெண்ணாக வந்து பாடிய ஆண்கள். அவர்களுடைய திறமையை நான் மதிக்கிறேன். என்றாலும், தன் வரவைத் தானே பாடிய பெண் எங்கே என்று தேடியபோதுதான் எனக்கு லத்தீபா கிடைத்தார்.

ஹிப்ஹொப் பிறந்த நாளாக 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஐக் குறிப்பிடுவார்கள். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமேக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞரான கூல் ஹேர்க், அடுக்குமாடி வீடொன்றின் பொது அறையில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய நாள் அது. லத்தீபாவுக்கு அப்போது மூன்று வயது. அவர் பள்ளிப் பருவத்தை எட்டியபோது ராப் தெருத்தெருவாகப் பரவியிருந்தது. ஒலிவாங்கி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது.

இங்கே ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லத்தீபாவின் தாய் ரீட்டா ஓவன்ஸ், இர்விங்டன் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தவர். மகளும் அங்கேதான் படித்தார். உயரமான பிள்ளை, கூடைப்பந்து அணியில் விளையாடியவர். பள்ளியின் நடன நிகழ்ச்சி ஒன்றுக்கு, 'மார்க் த 45 கிங்' என்ற பெயரில் இயங்கிய உள்ளூர் இசைத்தட்டுக் கலைஞரை வரவழைத்தவர் ரீட்டாதான். பாட்டுச் சத்தம் கேட்டால் வகுப்பறைக் கதவைச் சாத்துகிற ஆசிரியர்களை நாம் அறிவோம். இவர் கதவைத் திறந்து, அந்தப் பாட்டுக்காரரையே உள்ளே அழைத்தார். மார்க்கின் வீட்டுக் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் கூடினார்கள், எழுதினார்கள், பாடினார்கள். அங்கே உருவான மாதிரி ஒலிப்பதிவு ஒன்று தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஃபாப் ஃபைவ் ஃபிரெடியின் கைக்குப் போய், அதன் வழியாக டொமி போய் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை எட்டியது. 1989இல் 'ஆல் ஹெயில் த குயீன்' என்ற முதல் பாடல் தொகுப்பு வெளிவந்தபோது லத்தீபாவுக்கு 19 வயது. இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் வயதுதான்.

அந்தத் தொகுப்பில் லண்டனைச் சேர்ந்த மோனி லவ் என்ற பெண்ணோடு சேர்ந்து 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாடினார். அதன் காணொளியில் கறுப்பினப் பெண் தலைவர்களின் படங்களும் தென்னாபிரிக்க நிறவெறிக் காட்சிகளும் வரும். இடையில் நிமிர்ந்து நிற்கிறார் லத்தீபா. அந்த நிற்பைப் பாருங்கள். நடிப்பு வகுப்பில் 'மேடையில் இருத்தல்' என்று நான் ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுப்பதை அந்தப் பெண் பத்தொன்பது வயதில் செய்துகாட்டுகிறார். 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தத் தொகுப்பைத் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது.

இரண்டாவது தொகுப்புக்குப் பிறகு அந்த நிறுவனத்துடனான உறவு முறிந்தது. 1992இல் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. அண்ணன் லான்ஸ்லொட் பொலிஸ் உத்தியோகத்தர். மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்த மோட்டார் சைக்கிளை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தவர் லத்தீபா. அதன் திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டார். சாவு விழுந்த வீடுகள் நிறைந்த கரை இது. அந்தத் திறப்பின் கனத்தை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணனுக்குச் சமர்ப்பித்து 1993இல் 'பிளாக் ரெய்ன்' வந்தது. அதில்தான் 'யூனிட்டி' என்ற பாடல். தெருவில் போகும் பெண்ணின் மேல் கைவைக்கிறவனையும், வீட்டுக்குள் அடிக்கிறவனையும், பெண்களை இழிசொல்லால் அழைக்கும் சக பாடகர்களையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறது அது. கிழக்கில் நாட்டார் கவி சொல்லும் மரபில், ஆண் ஒரு கவி எறிந்தால் பெண் எதிர்க்கவி சொல்லி வாயடைப்பாள் அல்லவா? அதே மிடுக்கு. 1995இல் அந்தப் பாடலுக்குக் கிராமி விருது கிடைத்தது.

அந்தத் தொகுப்பு வந்த அதே 1993இல் 'லிவிங் சிங்கிள்' தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. 1998 வரை ஓடியது. நியூயோர்க்கின் புரூக்ளினில் சஞ்சிகை நடத்தும் கதீஜா என்ற பெண்ணாக வந்தார். தொடரின் முகப்புப் பாடலும் அவருடையதே. ஆகவே பாட்டைக் கரையில் விட்டுவிட்டு நடிப்புப் படகில் ஏறியவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஆண்டில் இரண்டு தண்டுகளையும் வலித்தார்.

1996இல் 'செட் இட் ஓஃப்' திரைப்படம். வறுமையும் அநீதியும் நெருக்க, வங்கிக் கொள்ளைக்குத் துணியும் நான்கு பெண்களின் கதை. அதில் கிளியோ என்ற பாத்திரம். நகைச்சுவைத் தொடரில் அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த முரட்டுத்தனமும், அதற்கு அடியில் இருந்த நட்பும் அதிர்ச்சியாக இருந்திருக்கும். அவர் செய்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். 2002இல் வந்த 'சிக்காகோ'வைத்தான் உலகம் கொண்டாடுகிறது. சிறைக் காவல் தலைவி 'மாமா' மோர்ட்டனாகப் பாடி நடித்து, சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றார். விருது அதே படத்தில் நடித்த கத்தரின் ஸீட்டா ஜோன்ஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்த 'பிரிங்கிங் டவுன் த ஹவுஸ்' வசூலில் வென்ற படம், எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பினப் பெண்ணைப் பற்றிய பழைய கேலிகளை அது மறுபடியும் தூக்கிப் பிடித்தது என்பதே என் எண்ணம். 2007இல் 'லைஃப் சப்போர்ட்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்ணாக நடித்துக் கோல்டன் குளோப் விருதை வென்றார். 2021 முதல் 2025 வரை 'த ஈக்குவலைசர்' தொடரின் நாயகி. முன்னர் ஆண்கள் செய்த பாத்திரம் அது. 2023 டிசம்பரில் கென்னடி மையத்தின் கௌரவம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ராப் பாடகி அவர்தான்.

விருதுகளை இத்தோடு விடுகிறேன். மாணவர்களே, உங்களுக்கு வேண்டியது தொழில் நுணுக்கம். ராப் ஒரு நடிகைக்கு என்ன கொடுக்கிறது?

முதலில் மூச்சு. நான்கு தட்டுகள் கொண்ட தாளத்துக்குள் சொற்களை நெருக்கி வைக்கிறபோது, எங்கே மூச்சு எடுப்பது என்பதை எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும். இடம் தவறினால் அடுத்த வரியின் கடைசிச் சொல் விழுங்கப்பட்டுவிடும். நீங்கள் மேடையில் வசனத்தின் வாலை விழுங்குகிறீர்களே, அந்த நோய்க்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பிறகு ஒலி. எதுகை, மோனை, இயைபு என்று செய்யுள் பாடத்தில் மனப்பாடம் செய்கிறீர்கள். வரியின் இறுதியில் ஒலி ஒத்து வருகிற இயைபுதான் ராப்பின் முதுகெலும்பு. சம்பந்தர் நம் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அலை வந்து பாறையில் மோதித் திரும்புவது சந்தத்திலேயே கேட்கும். காது பழகியவருக்கு எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்று தானாகத் தெரியும். லத்தீபா வசனம் பேசும்போது கவனியுங்கள்: அவசரமே இல்லை. தாளத்துக்கு அரைத் தட்டு பிந்தி வந்தால் சொல் கனக்கும் என்பதை அவர் பாட்டில் படித்திருக்கிறார்.

என் மாணவர்களை அதிகாலையில் டச்சு விரிகுடாக் கடற்கரைக்கு அழைத்துப்போய், அலைச் சத்தத்துக்கு எதிரே நின்று வசனம் சொல்லச் சொல்வேன். கத்தக் கூடாது என்பது நிபந்தனை. கத்துகிறவனின் குரலைக் கடல் முதலில் மூடும்; சொல்லைத் தெளிவாக வைக்கிறவனின் குரல் பத்து அடி தள்ளியும் வந்து சேரும். போன சனிக்கிழமை அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையும் வந்திருந்தாள். மற்றவர்கள் நாடக வசனம் சொன்னார்கள். அவள் தன் கொப்பியிலிருந்து ஒன்றைச் சொன்னாள். மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கும் தன் உம்மம்மாவைப் பற்றிய பதினாறு வரிகள். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த இருவர் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாடினாளா, நடித்தாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கிழவியின் கை நெற்றிக்கு மேலே போய் வெயிலை மறைத்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. அங்கே கிழவியும் இல்லை, வெயிலும் ஏறியிருக்கவில்லை.

அமைப்பாளர்கள் எனக்கு நாற்பது நிமிடம் தந்தார்கள். முப்பதில் நிறுத்துகிறேன், மீதிப் பத்தும் அவளுக்கு. பிள்ளை, கொப்பியோடு மேலே வா. ஒலிவாங்கி உனக்கு உயரம் அதிகம். பொறு, இறக்கி வைக்கிறேன்.