"நீ புத்திசாலி" என்று பாராட்டினார்கள்... பிள்ளைகள் பொய் சொன்னார்கள்!

[திரை கருப்பு. குரல் மட்டும்.]

"நீ ரொம்பப் புத்திசாலி!"

ஒரே ஒரு வரிதான். இதைக் கேட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கொஞ்ச நேரத்தில் பொய் சொன்னார்கள். யாரும் மிரட்டவில்லை, கை ஓங்கவில்லை, முறைக்கக்கூட இல்லை. பாராட்டினார்கள், அவ்வளவுதான்.

[முகப்பு இசை. மூன்று நொடி.]

வணக்கம். நாம் பேசுகிற வார்த்தை பிள்ளைகளின் தன்னம்பிக்கையை, பொறுப்பை, உதவும் மனசை என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நம்மில் பலர் பாராட்டே கேட்காமல் வளர்ந்தவர்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நம் பிள்ளைகளை வாய் நிறையப் பாராட்டுகிறோம். நானும் அப்படித்தான். என் மகள் வலது செருப்பை வலது காலில் போட்டாலே "ஜீனியஸ்!" என்று கத்துவேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. யோசித்துப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பாதி நாள் அது சரியாகத்தான் வரும்.

சரி, அந்தப் பொய்க்கு வருவோம். 1998, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பின்னணி இவ்வளவு போதும்.

பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். விட்டுப்போன கட்டத்தில் எந்த வடிவம் வரும் என்று கண்டுபிடிக்கிற வகை. முதல் சுற்று ரொம்பக் கஷ்டமில்லை. முடித்ததும் எல்லோரிடமும் "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்று சொல்லி, கூடவே ஒரு வரி சேர்த்தார்கள். சிலரிடம் "நீ புத்திசாலிபோல!" சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்கேபோல!" இன்னும் சிலரிடம் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றுப் புதிர்கள் வேண்டுமென்றே கடினமானவை. எல்லோரும் சொதப்பினார்கள். மூன்றாம் சுற்று மறுபடி முதல் சுற்றைப் போன்றதே. இங்கேதான் வேடிக்கை. "முயற்சி" என்று கேட்ட பிள்ளைகள் முதல் சுற்றைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். "புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைகள், முதலில் தாங்களே போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள்.

கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, "வேறொரு பள்ளியில் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுது" என்றார்கள். பெயர் போட வேண்டாம். எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று எழுத மட்டும் ஓர் இடம். முன்பின் தெரியாத ஒருவருக்கு, பெயர் போடாத தாளில், பொய் சொல்லி என்ன லாபம்? "முயற்சி" கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதியவர்கள் சுமார் 13 சதவீதம். "புத்திசாலி" கூட்டத்தில்தான் அந்த 40.

எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஒரு பட்டத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டாமா? நிறைய மதிப்பெண் வாங்கினால் புத்திசாலி என்றால், குறைவாக வாங்கினால் என்ன அர்த்தம் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா?

இந்த இடத்தில் ஒரு நிமிடம் இலக்கண வகுப்பு. ஓடாதீர்கள், மதிப்பெண் கிடையாது.

வீட்டில் ஒரு நாள் முழுக்க நீங்கள் பிள்ளையிடம் பேசுவதைக் கவனியுங்கள். எத்தனை பெயர்ச்சொல், எத்தனை வினைச்சொல்? "சோம்பேறி", "மக்கு", "அழுமூஞ்சி", "பொறுப்பில்லாதவன்", "வாயாடி". திட்டுவதற்கு நம்மிடம் பெயர்ச்சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்கு யாராவது வருவார்கள். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். "பேசு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்ப்போம். அப்புறம் அதன் தலைக்கு மேலேயே, வந்தவரிடம், "இவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, அப்படியே என்னை மாதிரி" என்போம். வந்தவர் அதை அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கீழே நிற்கிற ஆள் மறக்கமாட்டாள். அடுத்த முறை பேசாமல் நிற்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது, நம் கையாலேயே.

இதையே வினைச்சொல்லில் சொல்லிப் பாருங்கள். "இன்னைக்கு அவளுக்குப் பேசத் தோணலை." நாளைக்குத் தோன்றலாம் என்று கதவு திறந்தே இருக்கிறது. "நீ சோம்பேறி" என்றால் பிள்ளை என்ன செய்ய முடியும்? "படுக்கையை மடிக்காமல் போட்டிருக்கே" என்றால், போய் மடிக்கலாம்.

சிகாகோவில் 53 குழந்தைகளை ஒன்று முதல் மூன்று வயதுவரை அவரவர் வீட்டிலேயே வீடியோ எடுத்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு. "நல்லா முயற்சி பண்றே" வகைப் பாராட்டை அதிகம் கேட்ட குழந்தைகள், ஐந்து வருடம் கழித்துக் கடினமான வேலைகளை அதிகம் விரும்பினார்கள். அதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு. மொத்தத்தில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கிடைத்த பாராட்டின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால், பையன்கள் கேட்ட பாராட்டில் ஏறத்தாழக் கால் பங்கு அவர்கள் செய்த முயற்சியைப் பற்றியது. பெண்பிள்ளைகளுக்கு அது பத்தில் ஒரு பங்குதான். எந்த அப்பா அம்மாவும் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். மகள் இருப்பவர்கள் வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, நேற்று அவளிடம் என்ன சொல்லிப் பாராட்டினோம் என்று யோசித்துவிட்டு வாருங்கள். நான் யோசித்தேன். "அழகு", "செல்லம்", "சமத்து". மூன்றுமே பெயர்ச்சொல்.

சரி, தன்னம்பிக்கை போதும். பொறுப்புக்கு வருவோம். இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதில்தான் வருகிறது.

"அதுவா விழுந்துடுச்சு."

[திரையில்: உடைந்த கண்ணாடித் தம்ளர். பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள்.]

பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இந்த வாக்கியம் உண்டு. தம்ளர் அதுவா விழும். பேனா அதுவா காணாமல் போகும். சுவரில் படம் அதுவா வரையப்படும். தமிழ் இதற்கு ரொம்ப வசதி செய்து கொடுத்திருக்கிறது. உடைந்தது, உடைத்தேன். கிழிந்தது, கிழித்தேன். கவிழ்ந்தது, கவிழ்த்தேன். ஒரே ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், குற்றவாளி தப்பித்துவிடுவார். இலக்கணப் புத்தகத்தைத் தொடாத நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி.

ஆனால் இதை யார் கற்றுக்கொடுத்தது? குழந்தை தடுக்கி விழுகிறது. நாம் ஓடிப்போய், "தரையா அடிச்சது? தரைக்கு ரெண்டு அடி!" என்று தரையைத் தட்டுகிறோம். தரை அங்கேயேதான் இருந்தது, பாவம். அப்புறம் பத்து வயதில், "எதுக்கெடுத்தாலும் அடுத்தவங்க மேல பழி போடறே" என்று அதே பிள்ளையிடம் கோபப்படுகிறோம்.

அடுத்தது நம் விசாரணை. தம்ளர் உடைந்து கிடக்கிறது. அறையில் இருப்பது ஒரே பிள்ளை. கையில் ஈரம். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்போம், "யார் இதை உடைச்சது?" இது கேள்வியே இல்லை, பொறி. உண்மை சொன்னால் திட்டு நிச்சயம், பொய் சொன்னால் தப்பிக்க வழி இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அலுவலகத்தில் என்ன செய்கிறீர்கள்?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா டால்வார் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள 372 பிள்ளைகள். பின்னால் ஒரு பொம்மை இருக்கும், "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அறையை விட்டு வெளியே போவார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அந்த வயதில்தான் தெரியும்! பார்த்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு, "பார்க்கவே இல்லை" என்றார்கள். கவனிக்க வேண்டியது, கேட்பதற்கு முன்னால் பெரியவர்கள் சொன்ன வார்த்தை. "பார்த்திருந்தால் தண்டனை உண்டு" என்று கேட்ட பிள்ளைகள் உண்மை சொல்வது குறைந்தது. "நீ உண்மை சொன்னால் எனக்குச் சந்தோஷம்" என்றோ, "உண்மை சொல்வதுதான் சரி" என்றோ மிரட்டல் கலக்காமல் சொன்னபோது உண்மை கூடியது.

இதைப் படித்த வாரத்தில்தான் எங்கள் வீட்டில் தம்ளர் உடைந்தது. வாய்வரை வந்த "யார்"ஐ விழுங்கிவிட்டு, "தம்ளர் உடைஞ்சு கிடக்கு. கால் வைக்காதே. துணி எடுத்துட்டு வா, தண்ணியைத் துடைக்கலாம். கண்ணாடியை நான் எடுக்கிறேன்" என்றேன். துணியைக் கொண்டு வந்தாள். துடைத்ததைவிட ஈரத்தைப் பரப்பியதுதான் அதிகம். பாதியில் நிமிர்ந்து பார்க்காமலே, "ஒரு கையால தூக்கினேன்ப்பா. அதான் நழுவவிட்டுட்டேன்" என்றாள்.

"நழுவிடுச்சு" இல்லை. "நழுவவிட்டுட்டேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள். அன்றைக்கு "ஜீனியஸ்" என்று கத்தாமல் இருக்க எனக்குப் பெரிய முயற்சி தேவைப்பட்டது.

பெயர்ச்சொல்லே கூடாதா என்று கேட்டால், அதில் ஒரு திருப்பம் இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் "உதவி செய்வது" பற்றிப் பேசியதைவிட, "உதவுகிற ஆளாக இருப்பது" பற்றிப் பேசியபோது கூடுதலாக உதவினார்கள் என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. ஆகா, நல்ல பட்டம் வேலை செய்கிறதே என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பின்னால் வேறொரு குழு நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை உதவப் போய்ச் சொதப்ப வைத்துப் பார்த்தது. பட்டம் வாங்கியவர்கள்தான் அதிகம் துவண்டார்கள். பழைய கதைதான்.

உதவும் மனசை நாம் ஊட்ட வேண்டியதே இல்லை என்பது இன்னொரு ஆச்சரியம். ஜெர்மனியில் வார்னெகன், டோமசெல்லோ என்ற இருவர் 2006இல் காட்டியது இது. முன்பின் தெரியாத ஒருவர் துணி உலர்த்தும் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவித்தால், ஒன்றரை வயதுக் குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. அவரே வேண்டுமென்று தூக்கி எறிந்தால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை! அவ்வளவு விவரம். அந்தக் குழந்தை மூன்று வயதில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது நாம் என்ன சொல்கிறோம்? "நீ தள்ளு, நானே பண்ணிக்கிறேன்." பதின்மூன்று வயதில் கூப்பிட்டால் அது வருமா?

கடுஞ்சொல் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, ஒன்று மட்டும். அமெரிக்காவில் 900க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பதின்மூன்று வயதில் வீட்டில் கத்தலும் வசவும் அதிகம் கேட்ட பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டு முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடியிருந்தன. "திட்டினாலும் பாசமாத்தானே இருக்கேன்" என்று நாம் சொல்வோமே, அந்தப் பாசத்தால் பாதிப்பு குறையவில்லை.

வெளியே இருந்து வரும் சொல் உள்ளே போய் என்ன ஆகிறது என்பதை சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களிலேயே சொல்லிவிட்டார். பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவதைக் குழந்தை முதலில் தனக்குத் தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும், பிறகு அது மனதுக்குள் ஒலிக்கும் பேச்சாகிவிடும். உங்கள் பிள்ளை தனியாக விளையாடும்போது கதவோரம் நின்று கேளுங்கள். பொம்மை திட்டு வாங்கிக்கொண்டிருக்கும், உங்கள் குரலில்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டு ஆய்வுகளைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது பலன் முதலில் சொன்ன அளவுக்கு வரவில்லை. "இந்த ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளை மாறிவிடும்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். என்னிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தலைப்பை அப்படி வைத்தது நானேதான்.

இப்போது உங்கள் முறை. சின்ன வயதில் வீட்டில் உங்களுக்கு வைத்த பெயர்ச்சொல் எது? கமெண்ட்டில் எழுதுங்கள், பெயர் போட வேண்டாம், பொய்யும் வேண்டாம். என்னுடையது "மறதி மன்னன்". இந்த வீடியோவை முதல் தடவை எடுத்தபோது மைக்கை ஆன் பண்ணாமலே பதினைந்து நிமிடம் பேசி முடித்தேன். அது தெரிந்த நொடியில் எனக்குள்ளே ஒரு குரல் என்ன சொல்லிச் சிரித்தது என்று உங்களுக்கே தெரியும்.