ஒரு பாதத்தோடு இரண்டு ஒலிம்பிக் தங்கம்! யார் இந்த ஒலிவேர் ஹலாஷி?

வாட்டர் போலோ என்பது குளத்தில் நீந்தியபடி பந்தை எதிரணியின் வலைக்குள் எறியும் விளையாட்டு. அதில் தரையில் கால் ஊன்றக் கூடாது. ஆட்டம் முடியும்வரை உதைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த விளையாட்டில், இடது முழங்காலுக்குக் கீழே காலே இல்லாத ஒருவர் மூன்று ஒலிம்பிக்கில் ஆடி, மூன்றிலும் பதக்கம் வாங்கியிருக்கிறார். வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு ஹங்கேரியின் ஒலிவேர் ஹலாஷி.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். 1909-ல், புடாபெஸ்டை ஒட்டிய உய்பெஸ்ட்டில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போது டிராம் விபத்தில் கால் போனது. அப்புறம் நீச்சல், உள்ளூர் கிளப், தேசிய அணி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: நீருக்கடியில் கால்கள் சுழலும் படம்)

நீருக்கு மேலே பார்த்தால் வீரர் நிமிர்ந்து நிற்பது போலத் தெரியும். கீழே இரண்டு கால்களும் மோர் கடையும் மத்து போலச் சுழன்றுகொண்டே இருக்கும். இன்று வாட்டர் போலோ பழகுபவர்கள் எல்லோரும் கற்கும் உதை இது. இப்படிச் சுழற்றாமல் தவளை போல இரு காலாலும் சேர்த்து உதைத்தாலும், தண்ணீரைப் பிடித்துத் தள்ளுவது கெண்டைக்காலும் பாதத்தின் உட்புறமும்தான். ஹலாஷிக்கு இடது பக்கம் இல்லாமல் போனது சரியாக அந்தப் பகுதி!

பந்தை எறிய ஒரு கை மேலே போய்விடும். எதிராளி தோளைப் பிடித்து அமுக்குவார். அந்த நேரத்தில் மார்பு வெளியே தெரிகிற அளவுக்கு எழும்ப வேண்டும். அதுவும் இவர் ஆடியது ஹாஃப்பேக். தடுப்பதும் இவர் வேலை, முன்னேறித் தாக்குவதும் இவர் வேலை. நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, ஆழத்தில் ஒரு காலை மடக்கி ஒரு கையைத் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.

பதக்கக் கணக்கு இது: 1928 ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம், 1936 பெர்லினில் தங்கம். ஹங்கேரி ஆண்கள் அணி இதுவரை வாங்கிய 9 ஒலிம்பிக் தங்கங்களில் முதல் இரண்டு இவை. பெர்லினில் ஜெர்மனியோடு ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. மற்ற ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்த கோல் கணக்கில்தான் ஹங்கேரி முந்தியது.

ஆனால் என்னைக் கேட்டால், இவருடைய பெரிய சாதனை 1931 பாரிஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்தான். வாட்டர் போலோ அணியோடு தங்கம் வாங்கிய அதே போட்டித் தொடரில், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தனிநபர் பந்தயத்திலும் தங்கம். 50 மீட்டர் குளத்தில் 30 நீளம், அதாவது 29 திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் இரண்டு பாதத்தால் சுவரை உந்திக் கிளம்பினார்கள். இவருக்கு ஒன்றுதான். 29 முறையும் அந்த உந்தலில் விட்டதைக் கைகளால் மீட்டு, முதலாவதாக வந்து தொட்டிருக்கிறார். பாராலிம்பிக் பிறக்க இன்னும் 29 வருடம் இருந்தது. தனிப் பிரிவு, சலுகை எதுவும் கிடையாது. இரண்டு கால் உள்ளவர்களைத்தான் இவர் தோற்கடித்தார்.

1946 செப்டம்பரில், 37 வயதில், சோவியத் படைவீரர் ஒருவரால் கொல்லப்பட்டார். போரையே தாண்டி வந்த மனிதர் அமைதிக் காலத்தில் இப்படிப் போனது எனக்கு ஆறவே இல்லை. 1978-ல் சர்வதேச நீச்சல் புகழரங்கில் இவர் பெயரைச் சேர்த்தார்கள்.

1931-ன் அந்த 1500 மீட்டர் பெரிதா, ஒலிம்பிக் தங்கங்கள் பெரிதா? என் ஓட்டு 1500-க்கு. உங்கள் ஓட்டைக் கமெண்டில் போடுங்கள், காரணத்தோடு.