இருட்டில் எந்த நிறம் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம். இராயபுரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் கடலுக்குப் போகிறவர்கள் நிறைய, துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்களும் நிறைய. இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்வி: "சார், இருட்டுல பளிச்சுனு தெரியுற கலர் எது?" ஒரு நிறத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். எந்த இருட்டு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சாயங்காலம் ஒரு தட்டில் நாலு காய்ந்த மிளகாயும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் வைத்து, தெருவிளக்கு விழாத மொட்டைமாடி மூலைக்கு எடுத்துப் போங்கள். ஆறு மணிக்கு மிளகாய்தான் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் குறையக் குறைய மிளகாய் கறுத்துக்கொண்டே போகும், இலை சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளுப்பாக நிற்கும். ஒரு கட்டத்தில் மிளகாய் கரித்துண்டு மாதிரி ஆகிவிடும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கினே இதைத்தான் விடியற்காலைப் பூக்களில் பார்த்து 1825-ல் எழுதினார். இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான்.

காரணம் நம் விழித்திரையில் இருக்கிறது. பகல் வேலையைக் கூம்பு செல்கள் பார்க்கின்றன. நிறம் பிரித்துச் சொல்வது அவைதான். அவை சேர்ந்து அதிகம் உணர்வது ஒளியின் அலைநீளத்தில் 555 நானோமீட்டர் அருகில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. வெளிச்சம் போனதும் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர் பக்கம், நீலம் கலந்த பச்சை. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அவை நிறமும் சொல்லாது, இருக்கிறது இல்லை என்று மட்டும் சொல்லும். ஆக, அந்தி மயங்கும் நேரத்துக்கு இளம் மஞ்சள்பச்சை, கும்மிருட்டுக்கு வெளிர் பச்சையும் வெளிர் நீலமும்.

"வெளிர்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கருநீலம் நீலம்தான் என்று அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒருவருக்கும் தெரியாது. நிறத்தைவிட வெளுப்பு முக்கியம். எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பும் வெள்ளை வேட்டியை எந்த நிறச் சட்டையும் இருட்டில் ஜெயிக்காது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு பக்கம் உண்டு. குச்சி செல்கள் முழுத் திறனுக்கு வர இருபது முப்பது நிமிடம் இருட்டு வேண்டும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்தால் அத்தனையும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும் குச்சி செல்களை அதிகம் கெடுக்காது. அதனால்தான் வீல்ஹவுசில், அதாவது படகை ஓட்டும் அறையில், சிவப்பு விளக்கு வைக்கச் சொல்கிறேன். தூரத்து விளக்கைத் தேடும்போது நேராக முறைக்காதீர்கள். விழித்திரையின் நட்டநடு இடத்தில் குச்சி செல்லே கிடையாது. சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால் மங்கல் விளக்கு தானாகத் தென்படும். காசிமேட்டுப் பெரியவர்கள் சிலர் இதைப் பழக்கத்திலேயே செய்கிறார்கள்.

அப்படியானால் படகின் இடப்பக்கத்துக்கும் லாரியின் பின்பக்கத்துக்கும் ஏன் சிவப்பு? நல்ல கேள்வி. எரியும் விளக்கு வேறு, சட்டைத் துணி வேறு. விளக்கின் பலத்தில் கூம்பு செல்லே விழித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு கண்ணில் படும்போதே சிவப்பாகத்தான் படும். பச்சையும் நீலமும் ரொம்ப மங்கலாக இருந்தால் முதலில் வெறும் வெளிச்சமாகத் தெரிந்து, கிட்டே வந்த பிறகுதான் நிறம் காட்டும்.

சாலைக்கு வருவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் விடியற்காலை நாலு மணிக்கு அன்னக்கூடையோடு நடக்கும் பெண்களையும், ஷிப்டு முடித்து சைக்கிளில் வருகிறவர்களையும் நினைத்துத்தான் பேச ஒப்புக்கொண்டேன். "நான் பிளோரசன்ட் ஜாக்கெட் போட்டிருக்கேனே சார்" என்கிறார்கள். அந்தச் சாயம் சூரிய வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி மஞ்சள்பச்சையாகக் கக்குகிறது. பகலிலும் மேகமூட்டத்திலும் அந்தியிலும் அது அற்புதம். சூரியன் போனபின் அந்தப் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். மஞ்சள் சோடியம் விளக்கு எரியும் இடங்களிலோ எந்த நிறமும் தன் நிறமாக இருக்காது. சாயத்துக்குக் கொடுத்த காசில் பாதியை ரேடியம் ஸ்டிக்கருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அந்தப் பட்டை தானாக ஒளிராது. உள்ளே பொடிக் கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டகங்களோ இருக்கின்றன. வந்த வெளிச்சத்தை வந்த வழியே ஹெட்லைட் பக்கமே திருப்பி அனுப்பும் அமைப்பு அது. டிரைவரின் கண் அந்த விளக்குக்கு மேலேயே இருப்பதால் அவருக்கு மட்டும் பற்றி எரிவதுபோல் தெரியும். லாரிகளுக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று விதியே இருக்கிறது. மனிதர்களுக்கு விதி இல்லை. வெள்ளியோ வெள்ளையோ வாங்குங்கள், அதிக வெளிச்சம் திரும்பும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. டிம் போட்ட ஹெட்லைட்டில் கறுப்புச் சேலை 30 மீட்டரில் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், டிரைவருக்கு இரண்டு நொடிகூட முழுசாக இல்லை. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் அதற்குள் நிற்குமா? அவருக்கு அறுபது வயது என்றால் இன்னும் மோசம். கண்மணி சுருங்கி, லென்சும் பழுத்து, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் விழித்திரைக்குப் போகும்.

ஒட்டும் இடமும் முக்கியம். டிம் விளக்கு தரையைப் பார்த்து அடிப்பதால் முதலில் வெளிச்சம் விழுவது காலில்தான். கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை, அன்னக்கூடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. சைக்கிள் என்றால் பெடலிலும் பின் மட்கார்டிலும். நடக்கும்போது பட்டை மேலும் கீழும் அசைவதைப் பார்த்தாலே அது மனிதர் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். மீன் சேறு படிந்தால் பட்டை செத்துவிடும், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். நன்றி, வணக்கம்.