குற்றம் முதல் கிண்ணத்திலா, கடைசிக் கிண்ணத்திலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போதையில் நடந்த தவறுக்குக் கத்தோலிக்க அறநெறி எதை வைத்துக் கணக்குக் கேட்கிறது? போதையில் செய்த செயலை வைத்தா, குடிக்குமுன் எடுத்த முடிவை வைத்தா? முடிவை வைத்துத்தான் என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் லோத்தைச் சாட்சிக்கு அழைத்தார். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல், 19ஆம் அதிகாரம். மகள்கள் குடிக்கக் கொடுத்தார்கள், அவருக்கே தெரியாமல் மகள்களோடு தகாத உறவு என்னும் பெரும் பாவம் நடந்தது. "செயல் இவ்வளவு கொடியதாயிருக்க, முடிவைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார். ஐயா, அவர் எங்கள் சாட்சி! லோத்தின் குற்றத்தைத் தகாத உறவைக் கொண்டு அளக்காதீர்கள், குடிவெறியைக் கொண்டு அளங்கள் என்றவர் புனித அகுஸ்தினார். அதை அப்படியே எடுத்தாள்கிறார் திருச்சபையின் பெரும் இறையியலாளர் புனித தோமா அக்குவினா. அதே அக்குவினா நோவாவை என்ன செய்கிறார்? அவரும் குடித்து மயங்கி ஆடை விலகிக் கிடந்தவர்தான். திராட்சை இரசத்தின் வேகம் அறியாமல் குடித்தார், குற்றமில்லை என்று விட்டுவிடுகிறார்.

அக்குவினா வைக்கும் படிகள் மூன்று. அளவு மீறுவதும் தெரியாது, வெறியேறும் என்பதும் தெரியாது என்றால் பாவமே இல்லை. அளவு மீறுவது தெரிந்தும், வெறியேற்றும் என்று தெரியாவிட்டால் அற்பப் பாவம், அதாவது சிறு பாவம். இரண்டும் தெரிந்து, 'குடிக்காமல் இருப்பதைவிட வெறித்துக் கிடப்பதே மேல்' என்று குடித்தால் சாவான பாவம், அதாவது இறையுறவையே முறிக்கும் கனத்த பாவம். மூன்று பேரும் ஒரே அளவு குடித்திருக்கலாம், ஒரே திண்ணையில் விழுந்து கிடக்கலாம்! அடிக்கடி வெறிப்பவனைப் பற்றியும் ஒரு நுட்பம் சொல்கிறார். எண்ணிக்கை கூடியதால் பாவம் கனக்கவில்லை. அத்தனை முறை விழுந்தவன் 'தெரியாது' என்று சொல்ல வழியில்லை, அதனால் கனக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2290ஆம் எண், குடித்துவிட்டுச் சாலையிலோ கடலிலோ வானிலோ தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பவரைக் கனத்த குற்றவாளி என்கிறது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. தப்பித்து வீடு சேர்ந்தவனும் அந்தக் கூண்டில்தான் நிற்கிறான்.

"போதைப்பொருளைத் தொட்டாலே கனத்த குற்றம் என்கிறதே மறைக்கல்வி, அங்கே முடிவு எங்கே?" என்றார் எதிரணி அம்மா. 2291ஆம் எண்ணை முழுதாக வாசியுங்கள்: மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நோயாளிக்குப் போடும் மார்ஃபினும் உணர்வை மங்கச் செய்வதுதான். மருந்து ஒன்று, மயக்கம் ஒன்று, நோக்கம் வேறு. 1957 பிப்ரவரியில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் உணர்வை மங்கச் செய்யும் வலிநீக்கியை அனுமதித்தபோது, வேறு வழி இல்லாதிருக்க வேண்டும், நோயாளி ஆற்ற வேண்டிய பிற கடமைகளுக்கு அது தடையாகக் கூடாது என்றார். அதாவது, செய்ய வேண்டியதை உணர்வு மங்குமுன்பே செய்து முடிக்க வேண்டும்.

எதிரணியின் வலுவான வாதம் போதைக்கு அடிமைப்பட்டவரைப் பற்றியது, மழுப்ப மாட்டேன். முதல் முடிவு எடுத்துப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இன்று முடிவெடுக்கும் வலுவே இல்லையே? உண்மை. பழக்கம் பொறுப்பைக் குறைக்கும், சில வேளை நீக்கவும் செய்யும் என்று மறைக்கல்வியின் 1735ஆம் எண்ணே சொல்கிறது. சீனாவின் மருத்துவர் மாற்கு ஜி வயிற்று வலிக்கு அபின் எடுத்து அதற்கே அடிமையானார். அவருக்கு மனமாற்றம் இல்லை என்று கருதி, பல பத்தாண்டுகள் பாவமன்னிப்பும் நற்கருணையும் மறுத்தார்கள். 1900இல் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்து மறைசாட்சியாக இறந்தார். 2000 அக்டோபர் 1 அன்று புனிதரானார். அன்று செயலை மட்டும் எண்ணியவர்கள் அந்த மனிதரை அளக்கத் தவறினார்கள்.

அப்படியானால் அடிமைப்பட்டவரிடம் எதைக் கேட்பது? பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தில் பாவத்துக்கு ஏதுவான சூழ்நிலையையும் விட்டு விலகுவதாக வாக்குக் கொடுக்கிறோமே, அதைத்தான். பாவ அறிக்கை கேட்கும் விவரம் அறிந்த குரு 'எத்தனை கிண்ணம்?' என்பதோடு நிறுத்த மாட்டார். யாரோடு போனாய், எந்த வழியாகப் போனாய், கையில் பணம் ஏன் வைத்திருந்தாய், மருத்துவரை எப்போது பார்க்கப் போகிறாய் என்று கேட்பார். எல்லாமே தெளிந்திருக்கும்போது பதில் சொல்லக்கூடிய கேள்விகள், நடுவர் அவர்களே.